இரண்டு வெயில் கண்ட மான்

செல்போன் அலறியது!

மானகிரியில்... ஒரு மொட்டை மாடியில்... முத்தரசுவின் சட்டைப் பையில்!

முத்தரசு எடுக்கவில்லை. எடுக்கிற நிலைமையில் இல்லை. நாற்காலியிலிருந்து சரிந்து குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் தரையில் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்திலேயே அம்மிக் குழவி!

வலது கை மட்டும் காக்காய் விரட்டுகிற கம்பை இன்னும் விடவில்லை.

ஈஸ்வரி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன். அழுகை வர வேண்டும். வரவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க உப்பும் மிளகாயும் போட்டுக் கறி பிசைந்ததில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. மனசும் அப்படித்தான் கிடந்தது.

அவள் போன் போட்டுச் சொன்ன அரை மணியில் போலீஸ் வந்துவிட்டது. எஸ்.ஐ. மீனாள் கைக்குட்டையைச் சுற்றி, பிணத்தின் பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"யாரு இது... 'காரைக்குடி கறி பார்ட்டி'? முப்பத்தொரு மிஸ்டு கால்! மொத கால் நேத்து சாயங்காலம் நாலு பத்து. அப்பவே எடுக்கலை. நீங்க எப்பப் பார்த்தீக?"

"இப்பத்தான்மா. நேத்து மத்தியானமே திருப்பத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். காலையில மொத பஸ்ல வந்தேன். வந்து பார்த்தா..."

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

தடதடவென்று படியேறி வந்தார் வனவர் சேவுகப்பெருமாள். பிணத்தைத் தாண்டினார். நேராகக் கொடிக் கயிற்றுக்குப் போனார்.

"மான் எங்கம்மா?"

மீனாள் முறைத்தாள். "சார்... இங்க ஒரு மனுஷன் செத்துக் கெடக்காரு!"

"அது உங்க கேஸு மேடம். என் கேஸு வேற. மூணு நாளைக்கு முன்னாடி விடியக்காலையில இந்த முத்தரசுவும் கூட்டாளி பாண்டீஸ்வரனும் புள்ளிமானைச் சுட்டுத் தூக்கிட்டு வந்திருக்காய்ங்க. இந்தக் கொடியில உப்புக்கண்டம் தொங்குனதை நேத்து ரோட்டுல போனவனெல்லாம் பார்த்திருக்கான்!"

இப்போது கொடி காலி! கயிற்றில் மஞ்சள் கறை. தரையில் உப்புத் தண்ணீர் சொட்டிய தடம்.

"கீழ இருக்கு சார்," என்றாள் ஈஸ்வரி.

அடுக்களையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் மேல் வெள்ளைத் துணி. துணியை விலக்கினால்... நூலில் கோத்த கறித்துண்டுகள்! ஒரு சரம் இன்னொன்றோடு சிக்காமல், பூக்காரி சுற்றி வைத்த மல்லிகைச் சரம் மாதிரி அடுக்கியிருந்தது.

"எவ்வளவு காஞ்சிருக்கு?" மீனாள் சும்மாதான் கேட்டாள்.

"ரெண்டு வெயில் முழுசாப் பட்டிருக்கும்மா. இன்னும் ரெண்டு வெயில் கண்டா ஒரு வருஷத்துக்குக் கெடாது."

வனவர் நோட்டைத் திறந்தார். "புள்ளிமான்... ஒண்ணு."

"ரெண்டு சார்."

"ரெண்டா? கொல்லையில தலை ஒண்ணுதானே கெடக்கு?"

ஈஸ்வரி துணியை இழுத்துக் கறியை மறுபடி மூடினாள். வனக் காவலர்கள் வைக்கோல் போரைப் பிரித்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது மான் அகப்படவில்லை.

அதற்குள் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே பாண்டீஸ்வரன்!

"மதினி! நீங்களாவது சொல்லுங்க மதினி! அண்ணனை நான் கொல்லுவேனா?"

"பேசாதய்யா!" என்றாள் மீனாள். "நேத்து மத்தியானம் டீக்கடையில என்ன சொன்ன? 'என் பங்குக் கறியக் குடுக்கலைன்னா மண்டையப் பொளந்துருவேன்'னு சொன்னியா, இல்லையா? பத்துப் பேரு கேட்டிருக்காக!"

"கோவத்துல சொன்னது மேடம்!"

மீனாள் ஈஸ்வரி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்ற ஒரு வார்த்தைதான். இவரு மேல சந்தேகம்னு எழுதிக் குடுத்தீகன்னா இப்பவே உள்ள தள்ளிருவேன். என்ன சொல்றீக?"

ஒரே ஒரு வார்த்தை! சொன்னால் இந்த ஆள் ஜெயிலுக்குப் போவான். போலீஸ் போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். ஈஸ்வரிக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது.

"சந்தேகம்தான்மா," என்றாள்.

"அடப் பாவமே! மேடம், கொஞ்சம் யோசிங்க! சண்டையே கறிக்குத்தான். நான் கொன்னிருந்தா கறியை விட்டுட்டா போயிருப்பேன்?"

கூட வந்த ஏட்டு சிரித்தார்.

மீனாள் சிரிக்கவில்லை! விறுவிறுவென்று மறுபடி மாடி ஏறினாள். பிணத்தைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள். காலிக் கொடியைப் பார்த்தாள்.

"ஈஸ்வரி... இங்குட்டு வாங்க!"

வந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே ஏறி வந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரரு கையில காக்கா வெரட்டுற கம்பு. அப்ப, அவரு சாகுறப்ப கறி கொடியிலதான் இருந்திருக்கு. சரியா?"

"ம்..."

"நாலு பத்துக்கு முன்னாடியே ஆளு காலி. வெயிலு ஆறு மணி வரைக்கும் அடிச்சுச்சு. அந்த வெயிலும் முழுசாப் பட்டிருக்குன்னு உங்க வாயாலயே சொன்னீக. மத்தியானமே திருப்பத்தூருக்குப் போனவுகளுக்கு அது எப்படித் தெரியும்? பொழுது சாஞ்சதும் கறியை எறக்கி, சிக்கில்லாமச் சுத்தி, துணி போட்டு மூடுனது யாரு... செத்தவரா?"

ஈஸ்வரி விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

மாசி மாதம். பொழுது சாய்ந்தால் பனி இறங்கிவிடும். ஒரு ராத்திரிப் பனி பட்டால் உப்புக்கண்டம் புழுத்துவிடும். அதையெல்லாம் நினைத்துப் பார்த்து அவள் செய்யவில்லை. வெயில் தாழ்ந்தது. கை தானாகச் சரங்களை இறக்கியது. கால் தானாகப் பிணத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. கடைசிச் சரத்தை மூடிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

"நான்தான்மா," என்றாள். "குழவியும் நான்தான்."

"ஏன்?"

"அது சினை மானும்மா. வயித்தைக் கிழிச்சா உள்ள குட்டி. புள்ளியெல்லாம் தெரிஞ்சுச்சு. எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சது அவுகளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே 'அதையும் உப்புல போடு'ன்னு சிரிச்சாக. நான் போடலை. முருங்கை மரத்தடியில பொதைச்சிட்டேன். நேத்து மத்தியானம் கண்டுபிடிச்சு, போயித் தோண்டி எடுத்துட்டு வாடின்னாக..."

"எடுத்துட்டு வந்தீகளா?"

"குழவியை எடுத்துட்டு வந்தேன்."

பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மானைச் சுட்டதில் அவனுக்கும் பங்கு உண்டு. சேவுகப்பெருமாள் நோட்டில் 'ஒண்ணு' என்பதை அடித்துவிட்டு 'ரெண்டு' என்று எழுதினார்.

மீனாளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஜீப்பில் ஏறப்போன ஈஸ்வரியை நிறுத்தினாள்.

"மான் கறியைப் பனி படாமப் பத்திரமா எடுத்து வச்சீக. கட்டுன புருஷனை ராத்திரி பூரா பனியில விட்டுட்டீகளே!"

ஈஸ்வரி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"வாங்குன ரெண்டு கிலோ கல்லுப்பும் கறிக்கே சரியாப் போச்சும்மா!"