ஒன்பது பல் குறைச்சல்

செல்போன் அலறியது!

மெக்கானிக் எல்பிடியோ கிரீஸ் கையோடு எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனையில் மச்சான் கிராசியானோ. மலைக்கு ஆள் ஏற்றும் வாடகை பைக் ஓட்டுகிறவன்.

"மச்சான்! என் வண்டி போச்சு! துப்பாக்கியக் காட்டிப் பிடுங்கிட்டான்! சேவக்கட்டு முதலாளியச் சுட்டவன்யா அவன்... சிவப்புச் சட்டை! உன் பக்கம் வந்தா..."

எல்பிடியோ மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

அவன் முன்னால் பின்சக்கரம் கழன்று நின்ற பைக்... சேறு மூடியிருந்ததால் இதுவரை உறைக்கவில்லை. கிராசியானோவுடையது!

பெஞ்சில் உட்கார்ந்து, ஓலைப் பொட்டலத்தில் வெந்த சோற்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்... சிவப்புச் சட்டை!

"ம்... மீன் வறுத்தாச்சு மச்சான். நீ சாப்பிடு," என்று உளறிவிட்டு போனை வைத்தான்.

"யாரு?"

"மச்சான், பாஸ். மீன் கேட்டான்."

"ஸ்பேனர் ஏன்யா தந்தி அடிக்குது?"

"பசி, பாஸ்..."

சிவப்புச் சட்டை சிரித்தான். சட்டையை லேசாகத் தூக்கினான். இடுப்பில் துப்பாக்கி!

"உன் மச்சானுக்குத் தொண்டை பெருசு. எல்லாம் கேட்டுச்சு. வேலையப் பாரு. கப்பல் கிளம்புறதுக்குள்ள நான் டொலேடோ துறைமுகத்துல இருக்கணும். இந்தக் கழுத நெடுஞ்சாலையில கத்துதே தவிர ஓடல!"

"மலை ஏறப் போட்ட ஸ்ப்ராக்கெட், பாஸ், செயின் ஓடுற பல்சக்கரம். பின்னால நாப்பத்தஞ்சு பல்லு. இழுக்கும், ஓடாது. முப்பத்தாறு போட்டா பறக்கும். ஆனா மேட்டுல..."

"மேட்டுக்கு எவன்யா போறான்? போடு!"

போட்டான். செயினில் கண்ணிகளை வெட்டிக் குறைத்தான். கடைசி நட்டை மெதுவாக இறுக்கினான். வேலை முடிந்தால்... நானும் முடிந்தேன்!

"முடிஞ்சுதா?"

"மு... முடிஞ்சுது."

முதுகெலும்பில் துப்பாக்கிக் குழாய் குத்தியது.

"ஏறு. நீ ஓட்டு. நான் சவாரி. போலீஸ்காரன் பார்த்தா வாடகை பைக்னு விட்டுடுவான். துறைமுகத்துல உன்ன விட்டுடறேன்."

விடுவான். எங்கே? கடலிலா?

பைக் பறந்தது! தென்னைகள் பின்னால் ஓடின.

"இதுதான்யா வண்டி!" என்று காதருகே கத்தினான் அவன்.

வளைவு தாண்டியதும்... போலீஸ் தடுப்பு! ஒவ்வொரு பைக்காக நிறுத்தி, ஆளையும் நம்பரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பு! இடது பக்கம்!"

"அது மலை ரோடு, பாஸ்!"

"திருப்புடா!"

திருப்பினான். முதல் ஏற்றத்தை வண்டி முக்கி முக்கி ஏறியது. இரண்டாவது ஏற்றத்தில் இன்ஜின் இருமியது. முதல் கியருக்கு வந்தும் மூட்டை தூக்கியவன் போலத் தள்ளாடியது. பின்னால்... போலீஸ் ஜீப் உறுமும் சத்தம்!

எல்பிடியோவின் வாய் தானாகத் திறந்தது. அந்த மலையில் வண்டி திணறினால் எல்லாரும் சொல்வதுதான். பின்னால் மேயரே உட்கார்ந்திருந்தாலும் சொல்வார்கள்.

"இறங்கித் தள்ளுங்க, பாஸ்!"

சொன்ன பிறகுதான் உயிர் போனது. ஐயோ... யாரைத் தள்ளச் சொன்னேன்?

ஜீப் நெருங்கியது. சிவப்புச் சட்டைக்கு வேறு வழியில்லை. கெட்ட வார்த்தை ஒன்றை உதிர்த்தான், குதித்தான், துப்பாக்கியை இடுப்பில் செருகினான், இரண்டு கையாலும் தம் பிடித்துத் தள்ளினான்.

ஓர் ஆள் பாரம் போனது. பைக் துள்ளிப் பாய்ந்தது!

அவன் சரளையில் குப்புற விழுந்தான்.

"டேய்...!"

டுமீல்! காதோரம் காற்று கீச்சிட்டது. எல்பிடியோ குனிந்தபடியே வளைவில் திரும்பினான். தப்பித்தேன்...

இல்லை!

குறுக்கே, மலையிலிருந்து இறங்கி வந்த இன்னொரு போலீஸ் ஜீப். நான்கு துப்பாக்கிகள். நான்கும் அவன் மார்புக்கு நேராக!

"திருட்டு வண்டி! கையத் தூக்குடா!"

தூக்கினால் வண்டி பின்னால் உருளும். தூக்காவிட்டால் உயிர் போகும்! ஒரு கையைத் தூக்கினான்.

"சுடாதீங்க சார்! எங்க அக்கா புருஷன்!"

வண்டியை அடையாளம் காட்டப் போலீசோடு வந்த கிராசியானோ ஜீப்பிலிருந்து குதித்தான். போலீஸ்காரர்கள் வளைவை நோக்கி ஓடினார்கள். கீழே இரண்டு பக்கமும் அடைபட்ட சிவப்புச் சட்டை, துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கைகளை உயர்த்தினான்.

மச்சான் தன்னைக் கட்டிப்பிடிக்கத்தான் ஓடி வருகிறான் என்று எல்பிடியோ நினைத்தான். அவனோ நேராகப் பின்சக்கரத்தருகே போய்க் குந்தினான்.

"நாசமாப் போச்சு! என் நாப்பத்தஞ்சு பல்ல எவன்யா கழட்டினான்?"

"நான்தான். அதோ கைதூக்கி நிக்கிறானே, அவன் சொன்னான். போய்க் கூலிய வாங்கிட்டு வா மச்சான்!"