பின்சீட்டுக்காரி

காலையில்தான் துடைத்து வைத்திருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பின்சீட் மறுபடியும் நனைந்திருந்தது.

கராஜின் கூரையில் ஒழுகல் இல்லை, ஜன்னல் சாத்தியிருந்தது, மோட்டார் சைக்கிளின் முன்சீட் துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பின்சீட்டின் குழிவில் மட்டும் ஒரு சிறங்கைத் தண்ணீர் தேங்கி, ஓரமாக வழிந்து, சைலன்சரின் மேல் சொட்டி, சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தது. மார்லிஸ் விரலை வைத்துப் பார்த்தாள். குழாய்த் தண்ணீரின் குளிர் அல்ல. மே மாதம் பிறந்தும் கரையோரம் பனிக்கட்டி உரசிக்கொண்டிருக்கிற ஏரியில் கையை விட்டால் எலும்பு வரைக்கும் போய்க் குத்துமே, அந்தக் குளிர். விரலை முகர்ந்தாள். ஈரக்கல்லும் துருவும் மணத்தது. அதற்கு அடியில் லேசாக, எவளோ ஒருத்தி தலைக்குப் போடுகிற ஷாம்பூ.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மார்லிஸுக்குக் கோபம் வரும். ஏரிக்கரை ஊரான டுலூத்தின் மேட்டுத் தெருக்களில் பனியிலும் மழையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பின்னால் கூச்சல் போடும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். துணியை எடுத்து, சீட்டின் தோலே உரிந்து வந்துவிடும் போல அழுத்தித் துடைத்தாள்.

இந்தப் பின்சீட்டுக்கு அவள் காத்திருந்த காலம் கொஞ்சமா? கல்யாணமான புதிதில் ஆர்வோ கொடுத்த வாக்கு அது: சுப்பீரியர் ஏரியை முழுதாக ஒரு சுற்று, வண்டியில், அவர்கள் இரண்டு பேர் மட்டும். அடுத்த கோடை, அடுத்த கோடை என்று அந்தப் பேச்சை அவன் ஊறுகாய் போட்டே வைத்திருந்தான். ஒரு வருஷம் கூரை மாற்ற வேண்டியிருந்தது, ஒரு வருஷம் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் முதுகுவலி. ஏரியோ எங்கேயும் போய்விடவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, சரிவின் அடியில், தினமும் அவளைக் கேலி செய்துகொண்டு கிடந்தது. இந்த வருஷம்தான், பனி உருகத் தொடங்கிய நாளில், ஏரிக்கு அந்தப் பக்கம் மிச்சிகனில் ஒரு கிழவரிடமிருந்து இந்தப் பெரிய பழைய வண்டியை வாங்கி வந்தான். அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள். இந்தக் கோடையும் கைநழுவினால் பிறகு அவனோடு குடித்தனம் இருக்கும், வாழ்க்கை இருக்காது. அது அவளுக்குத் தெரியும்.

எஞ்சினுக்கு அடியில், சட்டத்தில் கட்டியிருந்த சின்ன மணி ஒரு தரம் ஒலித்தது. அவள் கை வண்டியில் படவில்லை. காற்றும் இல்லை.

மறுபடியும் ஒரு தரம்.

சமையலறையில் காபியும் புகைபோட்ட மீனும் மணத்துக்கொண்டிருந்தன. மேஜை நிறைய வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பையை வைத்து, ஆர்வோ பென்சிலோடு குனிந்திருந்தான். வெளியே மூடுபனி சரிவில் ஏறி வந்து பக்கத்து வீட்டு வேலியை விழுங்கிவிட்டிருந்தது. துறைமுகத்தின் பக்கம் ஒரு கப்பல் சங்கை ஊதி, பதில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நிறுத்தி, மறுபடி ஊதியது.

"மணியைக் கழட்டினியா?" என்றாள்.

"எந்த மணி?"

"உன் கழுத்துல கட்ட வேண்டிய மணி. வண்டியோட வந்ததே, அது."

"கிழவர் விட்டுட்டார். அது என்ன தீனியா கேக்குது? இருந்துட்டுப் போகட்டும்."

வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி இது. சாலையில் திரிகிற கெட்டது அந்த மணிக்குள் போய் அடைந்துகொள்ளும். ஆனால் மணியை இன்னொருவர் பிரியமாக வாங்கித் தர வேண்டும். தானே வாங்கிக் கட்டுவது தோஷம். வண்டியை விற்றால் மணியைக் கழற்றிக்கொண்டுதான் விற்பார்கள், உள்ளே அடைந்திருப்பது விற்றவனுடைய கெட்டது என்பதால். ஆர்வோவுக்கு இது தெரியாதா? தெரியும். குனிந்து ஒரு கம்பியை அறுக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏரியை எல்லாரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிற அந்த ஊரில் தண்ணீர் வலது கைப்பக்கம் இருந்தால் நினைத்த இடத்தில் ஓரங்கட்டலாம், பின்னால் இருப்பவள் வழி நெடுகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஆர்வோவின் கோடு இடமாகப் போயிருந்தது. விஸ்கான்சின் கரை, மிச்சிகன் கரை, எல்லையைத் தாண்டி கனடாக் கரையில் வடக்கே ஏறி, ஒரு குடாவின் தலைமாட்டில் நின்றுவிட்டது. அதற்கு மேல் கோடு இல்லை.

"என்ன கூத்து இது? இடமாச் சுத்துறே?"

"இப்படித்தான் போகணும்."

"சரி, இங்க ஏன் நிறுத்திட்டே? மீதி வழி?"

"அங்க மேட்டுல ஒரு திருப்பம். மரப்பெஞ்சு ஒண்ணு கிடக்கும். நின்னு ஏத்திக்கணும்."

"யாரை?"

ஆர்வோ நிமிர்ந்தான். தூக்கத்தில் எழுப்பிய முகம். "யாரை என்ன?"

பேசும்போதும் பென்சில் நிற்கவில்லை. அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. காகிதம் கிழிந்து, முனை கீழே பலகையைச் சுரண்டியது. க்ரக், க்ரக்.

"நீ கனடாப் பக்கம் போனதே இல்ல. பெஞ்சு கிடக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பென்சிலைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், மறுபடி குனிந்துகொண்டான். சரியான கல்லுளிமங்கன். மார்லிஸுக்கு விரலில் ஒட்டிய ஷாம்பூ மணம் மறுபடி மூக்கில் ஏறியது. ஒரு பெண்டாட்டிக்கு முதலில் என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்கும் தோன்றியது.

"எனக்குச் சொன்ன அடுத்த கோடையெல்லாம் எவளோட போனே, ஆர்வோ?"

"நான் யாரோடயும் எங்கயும் போனதில்ல. அதுதானே உன் புகாரே."

வேறு சமயமானால் அவள் சிரித்திருப்பாள். "படத்தை மடி," என்றாள். "வரைஞ்சது போதும். ஒரு தரம், ஒரே ஒரு தரம், வாயால சொன்னதைச் செஞ்சு காட்டு. இன்னிக்கே வண்டியை எடு. இல்லேன்னா வித்துத் தொலை."

ஆணியில் தொங்கிய வெட்டுக் குறடை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். அவனைக் கேட்கவில்லை. மண்டியிட்டு, கையை அடியில் விட்டு, தடவித் தடவி மணியைப் பிடித்தாள். அது ஈரமாக இருந்தது. கட்டியிருந்த கம்பியோடு நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருந்தது, செம்பு நிறம், கொஞ்சம் நரை. ஒரே நறுக்கு. மணி உள்ளங்கையில் விழுந்தது. விழுந்த மாத்திரத்தில் கராஜ் முழுக்க ஒரு பெருமூச்சு போல ஏதோ தளர்ந்தது. டயர் இறங்குகிற சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். டயரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மணியைக் கையில் இறுக்கிக்கொண்டு மாடிக்குப் போய், வண்டி விற்றவருக்குப் போன் போட்டாள். டெல்மர் என்று பெயர். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல் நாலு கேட்க வேண்டும் என்றுதான் போட்டாள், கேட்கவும் செய்தாள். மணியோடு வண்டியை விற்கிறவன் மனுஷனா என்றாள்.

"நான் அதைத் தொட்டதே இல்லம்மா," என்றார் டெல்மர். "என் வீட்டுக்காரி ஓபல், அவளே வாங்கி அவளே கட்டினது. நான் வாங்கித் தருவேன்னு பார்த்தா. நான் தரல."

"அதனால?"

"ஏரியைச் சுத்தலாம், சுத்தலாம்னு வருஷக்கணக்கா அவளை ஏமாத்தினேன். கடைசியில ஒரு தரம் கிளம்பினோம். வலமாப் போலாம்னா. ஓட்டுறது நான்தானேன்னு இடமாத் திருப்பினேன். வழி பூரா சண்டை. ஒரு மேட்டுல நிறுத்தினப்ப பெஞ்சுல போய் உட்கார்ந்துட்டா, இனி ஏற மாட்டேன்னுட்டா. அப்ப கிடன்னு விட்டுட்டுப் போயிட்டேன்."

மார்லிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பயமுறுத்தத்தாம்மா. அடுத்த திருப்பம் வரைக்கும்தான். திரும்பி வந்தா பெஞ்சு காலி. கீழ தண்ணி. அந்தக் குளிர்ல உள்ள போனது மேல மிதக்காது, உங்களுக்குத் தெரியாததா."

"நல்லாக் காக்க வெச்சீங்க," என்றாள் மார்லிஸ். "நல்லா விட்டுட்டும் போனீங்க." முகம் தெரியாத அந்த ஓபலுக்காக அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்த ஆத்திரம் அவளுக்குப் புரிந்தது. தானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"வேற ஒண்ணும் கேக்கல அவ," என்றார் டெல்மர். "ஏத்திக்கணும். அவ்வளவுதான். மணி சத்தம் போட்டா போடட்டும், உள்ளதான் இருக்கா. கழட்டிடாதீங்கம்மா. கொடுத்தா வாங்கலாம், பிடுங்கக் கூடாது. பிடுங்கினவங்க இடத்துல அவ..."

அவள் கையை விரித்தாள். மணிக்கு நாக்கு இல்லை. இருந்த இடத்தில் ஒரு துளைதான்.

கீழே ஆர்வோவின் குரல்.

"வந்துட்டியா?" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "ஆமா, இன்னிக்கேதான்." மறுபடியும் நிறுத்தினான், யாரோ பதில் சொல்லக் கேட்பவன் போல. "சரி, சரி. தப்பு என்னோடதுதான். இத்தனை வருஷம் உன்னைக் காக்க வெச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க."

மார்லிஸ் அசையவில்லை. இந்த வார்த்தைக்காக அவள் ஆயுசில் பாதி போயிருந்தது. அதை அவன் இப்போது சொல்லிவிட்டான். அவளிடம் அல்ல.

"ஆர்வோ," என்று கத்தினாள். பஸ்ஸையே அடக்குகிற குரல். வெளியே கப்பல் சங்கு ஊதி அதை அமுக்கியது.

படி. இன்னொரு படி. கைப்பிடி ஈரமாக இருந்தது. சமையலறைக் கதவோரம் அவளுடைய ஜாக்கெட் மாட்டிய கொக்கி காலி. பக்கத்தில் ஹெல்மெட் இருந்த பலகை காலி. கராஜ் கதவிலிருந்து கொக்கி வரைக்கும் வெறுங்கால் தடங்கள், தண்ணீர் தேங்கி. கொக்கியிலிருந்து திரும்பிப் போன தடங்களில் அவளுடைய பூட்ஸின் அச்சு.

எஞ்சின் உயிர்பெற்றது. கராஜின் பெரிய கதவு கடகடவென்று மேலே போயிற்று.

ஓடினாள். செருப்பில்லாமல். பெட்ரோல் புகை. மூடுபனி. சிவப்பு விளக்கு ஒன்று சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆர்வோவின் முதுகு தெரியவில்லை. அவள் ஜாக்கெட்தான் தெரிந்தது, ஊதா நிறம், அவன்மேல் சாய்ந்து, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு.

"ஆர்வோ. நான் இங்க இருக்கேன். ஆர்வோ."

தெருமுனையில் வண்டி நின்றது. எப்போதும்போல அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் அவனுக்கு எஞ்சின் மட்டும்தான் கேட்கும். மார்லிஸ் எட்டிவிட்டாள். கையை நீட்டி ஊதா ஜாக்கெட்டின் தோளைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் துணி அமுங்கியது. விரலிடுக்கில் தண்ணீர் பீறிட்டு வழிந்தது.

பின்சீட்டு ஹெல்மெட் மெல்லத் திரும்பியது.

கண்ணாடி மூடியிருந்தது. தெருவிளக்கு அதன் மேல் விழுந்தது. உள்ளே விளிம்பு வரைக்கும் தண்ணீர். பச்சையாக. அசையாமல். அதில் செம்பு நிறத் தலைமுடி பரந்து, அவசரமே இல்லாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே போயிற்று.

ஆர்வோ திரும்பவில்லை. இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, தன் வயிற்றின் மேல் கோத்திருந்த ஈரக் கைகளை இரண்டு தரம் தட்டிக்கொடுத்தான்.

"கெட்டியாப் பிடிச்சுக்க, மார்லிஸ்," என்றான்.

கைகள் இறுகின.