பெரிய ற

கண்ணாடி அலமாரியில் ஆறு பெட்டிகள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

பிரவீணா மறுபடி எண்ணினாள். ஐந்தேதான். பூட்டு உடையவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை. இடப்பக்கத்திலிருந்து ஐந்து பெட்டிகள் சமர்த்தாக வரிசையில் நிற்க, வலக்கோடி இடம் மட்டும் காலியாக இருந்தது.

"சார்! மண்ணு போச்சு சார்!"

அந்தச் சத்தத்துக்கு நிலவியல் துறையே அருங்காட்சியக அறைக்கு ஓடி வந்தது. துறையே என்றால், தலைவர் ஜான் பீட்டரும், தேர்வுக்கு ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மூன்று எம்.எஸ்ஸி. மாணவர்களும்தான்: சரத்குமார், அருள்முருகன், ஒடிசாவிலிருந்து வந்து படிக்கும் சுப்ரத்.

"மண்ணா?" என்றான் அருள்முருகன். "என்ன சொல்ற? மண்ணா போச்சு?"

"ஆமா. க-னா பெட்டி."

"அப்ப கல்லு?"

"கல்லு இருக்கு."

அருள்முருகன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு அவன்தான் ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தான்.

அன்றைக்குத்தான் கடைசி வருட வைவா, வாய்மொழித் தேர்வு. பதினோரு மணிக்கு. தேர்வாளர் புனேயிலிருந்து வரும் பேராசிரியை. திருச்சியில் இறங்கி, அரியலூர் ரோட்டில் காரில் வந்துகொண்டிருந்தார். மதிப்பெண்ணில் முதலாவதாக வருகிறவருக்குப் பேராசிரியையின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி இடம். ஒரே ஓர் இடம். அது பிரவீணாவுக்கு வேண்டும். விக்கிரமங்கலத்தில் தமிழிலேயே படித்துவிட்டு வந்தவள், இங்கிலீஷ் வகுப்பு புரியாமல் முதல் செமஸ்டரில் மூன்று பேப்பரைக் கோட்டை விட்டவள், இந்த ஆசைக்காக இரண்டு வருடம் மாடாய் உழைத்திருந்தாள்.

தனியாகவும் உழைக்கவில்லை. அரும்பாவூர்க்காரன் சரத்குமாரைச் சேர்த்துக்கொண்டு சாயங்காலப் படிப்புக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினாள். கூட்டத்துக்கு ஒரே சட்டம்: எதையும் முதலில் தமிழில் விளங்கிக்கொள், அப்புறம் இங்கிலீஷில் சொல். போன செமஸ்டரில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் அரியர் இல்லை. சுப்ரத்கூட வந்து உட்கார ஆரம்பித்துவிட்டான். இங்கிலீஷ் அவனுக்கும் இரவல் மொழிதானே.

இப்போது காணாமல் போனதைச் சொல்ல வேண்டும். காரை கிராமத்து ஓடையில் பிரவீணா ஒரு கல்லைக் கண்டெடுத்திருந்தாள். நத்தை மாதிரி சுருண்ட, என்றைக்கோ செத்துக் கல்லாய்ப் போன கடல் உயிர். அதன் மேல் வரிசையாகக் குழிகள். ஏதோ ஒரு பெரிய கடல் விலங்கு கடித்த பல் தடம் என்பது அவள் வாதம். அந்தக் கல்லின் வயதுக்குச் சாட்சி, அதே இடத்தில் வெட்டியெடுத்த மண்கட்டி. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்க் கூடுகளை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். மண் இல்லையென்றால் வாதம் முதல் கேள்வியிலேயே படுத்துவிடும்.

ஆறும் ஒரே மாதிரியான வெள்ளை ஸ்வீட் பாக்ஸ். பஞ்சு வைத்து மூடி, டேப் ஒட்டி, அதன் மேல் ஜான் பீட்டர் கையெழுத்து. தேர்வாளர்தான் பிரிக்க வேண்டும். முகப்பில் ஆளுக்கொரு எழுத்து: க, ச, ட, த, ப, ற. மண் க-வில், கல் ற-வில், மற்ற நான்கில் துணைச் சான்றுகள். கசடதபற, கசடதபற என்று முணுமுணுத்தபடியே அவள் தினமும் அடுக்கியதில், அது துறையில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. "பெரிய ற சௌக்கியமா?" என்பதுதான் அங்கே காலை வணக்கம்.

"ஏ, பி, சி-ன்னு போடும்மான்னு எவ்வளவோ சொன்னேன்," என்று ஜான் பீட்டர் புலம்பினார். "எக்ஸாமினர் சிரிப்பாங்கன்னேன். கேட்டாத்தான?"

எஸ்.ஐ. பாத்திமா மேரி அன்று கல்லூரிக்கு வந்தது வேறு வேலையாக. போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம். மேடை இருந்தது, மைக் இருந்தது, மாணவர்கள்தான் இல்லை. ஆகவே, ஜான் பீட்டர் மூச்சிரைக்க வந்து நின்றபோது எஸ்.ஐ.க்கு உள்ளூரச் சந்தோஷம். ஏலாக்குறிச்சிக்காரர், சும்மா உட்காரச் சொன்னால் தலைவலி வந்துவிடும் ரகம்.

அலமாரி முன்னால் நின்று பார்த்தார். இடமிருந்து வலமாக: ற, ப, த, ட, ச. பிறகு காலி.

"தலைகீழா இருக்கே?"

"நேத்து சாயங்காலம் நான்தான் மாத்தினேன் மேடம்," என்றாள் பிரவீணா. "கல்லக் காட்டிட்டுத்தான் பேச ஆரம்பிக்கணும். மண்ணு கடைசி. பேசுற வரிசைப்படி வச்சுட்டுப் போனேன்."

"மாத்தினது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் சாருக்கும் மட்டுந்தான்."

"சாவி?"

"என் ரூம் ஆணியில தொங்கும்," என்றார் ஜான் பீட்டர். "காலையில மூணு பசங்களும் சாமான் எடுக்க அங்க போயிட்டு வந்தாங்க. வேற யாரும் வரல."

"மண்ண யாருங்க திருடுவா?"

ஜான் பீட்டர் குரலைத் தாழ்த்தினார். "விவரம் தெரிஞ்சவன் மேடம். கல்ல விட்டுட்டு மண்ண எடுத்திருக்கான் பாருங்க. மண்ணு போனா கல்லுக்கு மரியாதையே இல்லங்கிற நுணுக்கம் சரத்குமாருக்குத்தான் அத்துப்படி. இவளோட உக்காந்து மைக்ராஸ்கோப் பாத்தவன் அவன்தான்."

"பையெல்லாம் சோதிக்கலாமா?"

"எக்ஸாமினர் வர்ற நேரத்துலயா? காலேஜ் மானமே போயிடும் மேடம்."

சரி என்று மூவரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

சரத்குமார் வந்தான். கண் சிவந்திருந்தது.

"காலையில அலமாரி பக்கம் போனியா?"

"போனேன் மேடம். ப்ரொஜெக்டர் வயர் அங்கதான் இருந்துச்சு."

"மண்ணோட மதிப்பு தெரியும்?"

"தெரியும். அதுக்காக எடுப்பனா? அவ தோத்தா எங்க கூட்டமே தோத்த மாதிரிங்க."

அடுத்து சுப்ரத்.

"நான் நாற்காலி போட்டேன் மேடம். பெட்டி தொடலை."

"தமிழ் யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

"கூட்டம் மேடம். மெதுவா வரும்."

கடைசியாக அருள்முருகன். அரியலூர் டவுன்காரன். அப்பா மஸ்கட்டில் இன்ஜினியர்; பிளஸ் டூ வரை இவனும் அங்கேதான் படித்தான். படிப்புக் கூட்டத்துப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவன். மார்க்கில் பிரவீணாவுக்கு அடுத்த இடம். தேனொழுகப் பேசினான்.

"பாவங்க மேடம் அது. எவ்வளவு கஷ்டப்பட்டு வந்த பொண்ணு! எவனுக்கு மனசு வந்துச்சோ?"

அவன் வெளியே போனதும் ஜான் பீட்டர் பெருமைப்பட்டுக்கொண்டார். "தமிழ்ல சிங்கம் மேடம். பொங்கல் விழாவ இவன்தான் தொகுத்து வழங்கினான். செல்போனப் பாத்துப் பாத்து அருவி மாதிரி பேசினான். பாதியில சார்ஜ் தீந்து போச்சு. பேப்பர்ல எழுதினது இருந்துச்சு, குடுத்தோம். தொண்ட கட்டிடுச்சுன்னு சரத்குமார்கிட்ட தள்ளிட்டான்."

"தொண்டை கட்டிடுச்சா?"

"அப்படித்தான் சொன்னான்."

"ரெண்டு வெள்ளத்தாள் குடுங்க சார். இல்ல, மூணாக் குடுங்க."

பாத்திமா மேரி மூன்று தாளிலும் மளமளவென்று எழுதினார். தெளிவான, குண்டு குண்டான தமிழ் எழுத்து. மறுபடி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

"நீ சொன்னத எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு. சரியா இருந்தா கையெழுத்துப் போடு."

சரத்குமார் பாதி படிப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "என்ன மேடம் இது? நான் இப்படிச் சொல்லவே இல்லியே!" அவனை வாயில் விரல் வைத்து அடக்கி, பக்கத்து அறையில் உட்கார வைத்தார்.

சுப்ரத் வரிக்கு வரி விரல் வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டினான். ஜான் பீட்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சுப்ரத்தின் முகம் வெளிறியது.

"மேடம்... இது தப்பு. நான் எடுக்கலை."

அவனும் பக்கத்து அறைக்குப் போனான்.

அருள்முருகன் தாளை வாங்கினான். மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டினான். தலையை ஆட்டிக்கொண்டான்.

"கரெக்டா இருக்குங்க மேடம். கையெழுத்துக்கூட அழகா இருக்கு."

இங்கிலீஷில் ஒரு வளைவு வளைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

"முழுசும் படிச்சியா?"

"படிச்சேங்க."

"கடைசி வரிய வாய்விட்டு வாசி, கேப்போம்."

அவன் தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். பாத்திமா மேரி தாளை வாங்கி ஜான் பீட்டரிடம் நீட்டினார்.

"சார், நீங்க வாசிங்க."

ஜான் பீட்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'இன்று காலை அலமாரியிலிருந்து பெட்டியைத் திருடியவன் நானே.' ஐயோ, என்ன மேடம் இது!"

"மூணு தாள்லயும் அதேதான் எழுதினேன். ரெண்டு பேரு பதறிட்டாங்க. இவன் அழகா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டான்." பாத்திமா மேரி நாற்காலியில் சாய்ந்தார். "விவரம் தெரிஞ்சவன் மண்ண எடுத்தான்னு நீங்க சொன்னீங்க. எனக்கு அது ஒட்டவே இல்ல. கல்லத்தான் எடுக்க வந்திருக்கான், கை மாறிப் போச்சு. எப்படி மாறும்? எழுத்து பெருசா முன்னாடியே இருக்கு. படிக்கத் தெரிஞ்சவனா இருந்தா ற-னாவ எடுத்துட்டுப் போயிருப்பான். இவன் எண்ணியிருக்கான். கசடதபற, காதால கேட்ட பாட்டு, ஆறாவதுதான் பெரிய ற. இடது பக்கத்துலேருந்து ஆறு எண்ணி ஆறாவது பெட்டியத் தூக்கிட்டான். பொண்ணு நேத்தே வரிசையத் திருப்பி வச்சது அவனுக்குத் தெரியாது."

"ஆனா இவன் அப்படித் தமிழ் பேசுவானே!"

"பேசுவான். பொங்கலுக்குப் போன்ல பாத்துப் பேசினது தமிழ்தான், ஆனா இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வச்ச தமிழ். பேப்பரக் குடுத்ததும் தொண்ட கட்டிடுச்சு. இங்க தமிழ் படிக்கத் தெரியாதவன் யாருன்னு கேட்டா நாம எல்லாரும் ஒடிசாப் பையனத்தான் காட்டுவோம். அவன் வரி வரியாப் படிச்சுட்டான்." அருள்முருகன் பக்கம் திரும்பினார். "காலையில மண்ணு போச்சுன்னதும் 'மண்ணா?'ன்னு நீதான் அதிர்ந்தியாமே, அந்தப் பொண்ணு சொல்லுச்சு. உன் பெட்டியில கல்லு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்த. என்னப்பா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த சீட் எனக்குத்தான்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன் மேடம். தமிழ் மீடியம் பொண்ணு... இங்கிலீஷ்ல திணறுவான்னு நெனச்சேன். போன வாரம் ஒத்திகையில பேசினதக் கேட்டப்புறம்தான் பயம் வந்துச்சு."

"எழுத்து தெரியாதது குத்தமில்ல. அவங்க கூட்டத்துல போயி உக்காந்திருந்தா உனக்கும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. பெட்டி எங்க?"

"வண்டி சீட்டுக்கு அடியில."

பெட்டி வந்தது. டேப் பிரியவில்லை, கையெழுத்து அப்படியே இருந்தது. பாத்திமா மேரி மூன்று தாளையும் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். "போலீஸ்கிட்ட சொன்னதுக்குக் கையெழுத்தே வாங்கக் கூடாதுங்க சார். இது செல்லாத காயிதம். இவன என்ன பண்றதுன்னு நீங்களும் பிரின்சிபாலும் சாயங்காலம் முடிவெடுங்க. புகார் குடுத்தா நான் வரேன்."

ஜான் பீட்டர் பக்கத்து அறைக்குப் போய் சரத்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுட்டேன்டா," என்றார். "அந்தப் பொண்ணு ஏ, பி, சி போட்டிருந்தா இந்நேரம் கல்லே போயிருக்கும். தமிழ்தான்டா காப்பாத்துச்சு." அவருக்கே அதைச் சொல்லும்போது கண் கலங்கியது.

வாசலில் கார் வந்து நின்றது.

பாத்திமா மேரிக்கு இனி அங்கே வேலையில்லை. ஆனாலும் ஹாலின் ஜன்னலோரம் நின்றுவிட்டார்.

புனே பேராசிரியை டேப்பை அறுத்து, கல்லை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழிகளைக் காட்டி இங்கிலீஷில் கேட்டார்: பல் தடம் என்று எப்படிச் சொல்கிறாய்? செத்த ஓட்டின் மேல் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு அரித்த குழியாக ஏன் இருக்கக்கூடாது?

பிரவீணா ஒரு கணம் கண்ணை மூடினாள். உதடு தமிழில் அசைந்தது. பிறகு இங்கிலீஷ் வந்தது, சின்னச் சின்ன வாக்கியமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. சிப்பி அரித்தால் குழி வழவழப்பாக இருக்கும். இங்கே ஓடு உள்பக்கமாக நொறுங்கியிருக்கிறது. ஒரே பக்கம் இல்லை, இரண்டு பக்கமும் எதிரெதிரே இருக்கிறது. மேல் தாடை, கீழ் தாடை. அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தாடை மாதிரி மூடிக் காட்டினாள். மண்ணின் கூடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, காலத்தையும் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாது என்றாள், அதையும் நிமிர்ந்து சொன்னாள்.

மற்றவர்களின் வைவாவும் முடிந்ததும் பேராசிரியை எழுந்து வந்து பிரவீணாவுக்குக் கை கொடுத்தார். "முதலிடம் உனக்கு. ஜூலையில் உன்னை எதிர்பார்ப்பேன்," என்றார்.

வெளியே வராந்தாவில் படிப்புக் கூட்டம் மொத்தமும் காத்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே சரத்குமார் விசிலடித்தான். சுப்ரத் அவனைத் தூக்கிச் சுற்றினான். பிரவீணா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போனை எடுத்தாள். விக்கிரமங்கலத்தில் மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா வீராயி, முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னாச்சு பாப்பா? பாஸா?"

"பாஸ் இல்லம்மா. மொத ஆளு. புனேக்கு வரச் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் களைவெட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கொல்லை முழுக்கக் கேட்கும்படி, வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கூடக் களை வெட்டிய பெண்களைப் பார்த்து வீராயி போட்ட கூப்பாடு:

"ஏ பாப்பாயி! ஏ புள்ளைங்களா! எம்மவ ஜெயிச்சுட்டாடி!"