வெட்டாமல் மடித்த துணி

இப்போதெல்லாம் யாருக்கும் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தெரியவில்லை. ஒருத்தன் போனைப் பார்த்துக்கொண்டே முழுங்குகிறான். ஒருத்தி போட்டோ எடுத்துவிட்டு அப்படியே ஆறவிடுகிறாள். கேட்டால் அதற்கும் ஒரு டாக்டர் இருக்கிறாராம். காதலும் அப்படித்தான் ஆகிவிட்டது... பசியா, பொழுதுபோக்கா என்று அவர்களுக்கே தெரியாது. நான் தையல்கடையில் பொத்தான் தைக்கிறவன். எதையும் இழுத்துப் பார்த்துத்தான் நம்புவேன்.

அன்றைக்கு நல்ல மழை. எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண் ஓடிவந்து எங்கள் கடைக்குள் நின்றாள். இமையில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர், கல்யாணமாகாத பயல், திறந்த கத்திரியும் திறந்த வாயுமாக நின்றான்.

பையிலிருந்து ஒரு நீல கவுனை எடுத்தாள். "இடுப்புல தொளதொளன்னு இருக்கு. கொஞ்சம் பிடிச்சுத் தரணும்."

அவன் அவள் இடுப்பில் டேப்பைச் சுற்றி, கடை வழக்கப்படி அளவை உரக்கக் கூவினான். நான் திரும்பக் கூவினேன். அவ்வளவுதான்... டேப்பைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏலம் விடறீங்களா? தெருவுக்கே கேக்கணுமா?"

"அளவுதானேங்க சொன்னேன்..."

"எங்க, உங்க அளவைச் சொல்லுங்க பாப்போம்!"

அந்த மடையன் நிஜமாகவே டேப்பைத் திரும்ப வாங்கித் தன் தொப்பையில் சுற்றிக் கூவினான். நானும் திரும்பக் கூவினேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கண்கள்... அவ்வளவு பெரிய கண்கள்! முகம் வற்றினால் கண் பெரிசாகத் தெரியும் என்று அவனுக்கு யார் சொல்வது?

அப்புறம் அடிக்கடி வந்தாள். அதே நீல கவுன். "இன்னும் கொஞ்சம் பிடிங்க மாஸ்டர்..." அவன் இப்போது கூவுவதில்லை, அளவை என் காதில் முணுமுணுப்பான். ஒரே கவுனை இத்தனை தரமா பிடிக்கச் சொல்லுவாங்க? என்னைப் பாக்கத்தான் வர்றா... என்று அவன் மனசு பறந்தது. புதுச் சட்டை, சென்ட் என்று கிளம்பிவிட்டான். பன் வாங்கி நீட்டினால், "இப்பதான் சாப்பிட்டேன்" என்பாள். டீயைக் குடிக்காமல் கோப்பையில் குளிர்காய்வாள். வெயிலிலும் ஸ்வெட்டர்.

ஒருநாள் மட்டும் பிடிக்கச் சொல்லவில்லை. பொத்தான் அறுந்துவிட்டது என்றாள். நான்தான் தைத்தேன். நூல் தேய்ந்து அறுந்திருக்கவில்லை, கத்திரி பட்ட நூல். நமக்கென்ன என்று சும்மா இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தரம் பிடிக்கக் கொடுத்தாள். பிறகு வரவே இல்லை. அவள் அக்காதான் வந்தாள்.

"மாஸ்டர் யாரு? நீங்களா? நல்லா தச்சீங்கய்யா! அவ கரையக் கரைய நீங்க பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. துணி தொங்கியிருந்தா எங்க கண்ணுலயாவது பட்டிருக்கும். கண்ணாடிக் கடையிலேயே மயங்கி விழுந்துட்டா. நாடியே சரியா கிடைக்கலன்னாங்க ஆஸ்பத்திரியில..."

"ரெண்டு அதட்டு அதட்டி ஊட்டிவிட்டா சாப்பிட மாட்டாளாம்மா?" என்றேன் நான்.

"நாங்களும் அதான் செஞ்சோம் பெரியவரே. இன்னும் மோசமாச்சு. இது திமிர் இல்ல, வியாதின்னு சொல்றாங்க டாக்டரம்மா. பசிக்குமாம். ஆனா வாயில வச்சா, ஏதோ குத்தம் பண்ணின மாதிரி உள்ள ஒரு குரல் திட்டுமாம். ஒரேயடியா சாப்பாடு கொடுத்தாலும் ஆபத்தாம். ரத்தம் பாத்துப் பாத்து மெதுவா கூட்டறாங்க. சாப்பிடும்போதும், சாப்பிட்ட பிறகும் நர்ஸ் பக்கத்துலயே இருப்பாங்க. மனசு விட்டுப் பேச ஒருத்தங்க வர்றாங்க. என்ன பேசக்கூடாதுன்னு எங்களுக்கும் சொல்லித்தர்றாங்க. எடைகூட மெஷினுக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கணும், நம்பரைச் சொல்ல மாட்டாங்க."

முதுகைக் காட்டி எடை பார்ப்பதாம்! எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாஸ்டர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் அவன் போகவில்லை. "எந்த மூஞ்சியோட போறது பெரியவரே? அவ செத்துக்கிட்டு இருந்திருக்கா... நான் சென்ட் அடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்." தையல் மெஷினில் கால் வைத்தால் கால் ஓடாது.

மறுபடி மழைக்காலம் வந்தது. அக்காவோடு அவளும் வந்தாள். நடுவில் வீட்டுக்கு அனுப்பி, திரும்பவும் சேர்த்துவிட்டார்களாம். அன்றைக்கு ஒரு பகல் மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். கையில் அந்த நீல கவுன்.

"இது இப்ப பூட்ட மாட்டேங்குது. எரிச்சுடுங்க மாஸ்டர்."

அவன் கவுனை உள்பக்கம் திருப்பினான். தையலுக்குப் பக்கத்தில் தையல், மடிப்புக்கு மேல் மடிப்பு.

"ஒரு தடவைகூட வெட்டல. துணி எல்லாம் உள்ளேயே இருக்கு."

"ஏன் வெட்டல?"

"மனசு வரல... நீங்க என்னைப் பாக்கத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். முட்டாப்பய. எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்... அந்த ஆசையிலதான் கண்ணு அவிஞ்சுபோச்சு. மன்னிச்சுடுங்க."



"நான் கவுனுக்காகத்தான் வந்தேன்" என்றாள் அவள். அவன் தலை கவிழ்ந்தது. "ஒரே ஒரு நாளைத் தவிர. அந்தப் பொத்தானை நானேதான் வெட்டினேன். அன்னைக்கு மட்டும் அந்தக் குரல் கம்முனு கிடந்துச்சு... உங்களைப் பாக்கணும்னு மட்டும் இருந்துச்சு."

அக்கா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிரிச்சு விடட்டுமா?"

"வேணாம் மாஸ்டர்... பயமா இருக்கு. சில நாள் தேறணும்னே தோணல."

"ஒரே ஒரு தையல்?"

தலையை ஆட்டினாளா, குளிரில் ஆடியதா... எனக்குத் தெரியவில்லை. ஆட்டினாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். டேப்பைத் தொடவில்லை. ஒரே ஒரு தையலை மட்டும் பிரித்தான்.

இருட்டுவதற்குள் வார்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கவுனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போகிறபோது அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: இந்த வியாதி போகிற மாதிரி போய்த் திரும்பி வருமாம், வருஷக்கணக்கில் இழுக்குமாம். சிலர் தேறிவிடுகிறார்களாம். சிலர் தேறுவதில்லையாம்.

"வந்து வாங்கிப்பா இல்ல, பெரியவரே?" என்றான் மாஸ்டர். கவுன் அவன் மடியில் கிடந்தது.

"கவுனுக்கு வருவாளா, உனக்கு வருவாளா... முதல்ல அதைக் கண்டுபிடிடா."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு பொத்தானை நம்பி ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். அது நான் தைத்த பொத்தான், அறாது. அதற்கு மேல் எதையும் நான் நம்புவதாக இல்லை.