வெள்ளை வெளியே தெரிந்த வளையங்கள்

காகிதத் தோரணத்தில் ஒரு வளையம் மட்டும் திருப்பி ஒட்டியிருந்தது. வழவழப்பான சிவப்பு உள்ளே போய், வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது.

"யாரு இப்படி ஒட்டுனது?" சொர்ணலதா கேட்டாள்.

மெர்சி தம்பியைப் பார்த்தாள். சகாயம் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நாங்க இல்ல சித்தி."

சித்தி. ஜெபமணிக்கு இரண்டாந்தாரமாகப் போடிக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்தான். அதுகள் வாயால் ஒருதடவை அம்மா என்று கேட்டுவிட வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான். அதற்காகத்தான் கிறிஸ்துமஸுக்குக் கலர் காகிதம் வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, மூங்கில் குச்சியில் ஸ்டாரும் கட்டினாள்.

ஏலக்காய்க் கடைக்குக் கிளம்பும்போதே ஜெபமணி சொல்லியிருந்தான். "ஸ்டார வாசல்ல மாட்டிராத லதா. அன்னத்தாய் போயி வருசம் திரும்பல. ஸ்டாரு எரியிற வீட்டுக்குள்ளதான் கேரல் பாடுறவுக வருவாக. துக்க வீட்டுல யாரையும் கூப்புடக் கூடாது."

பிள்ளைகள் அழுதன. மாட்டிவிட்டாள். உள்ளே பல்பும் போட்டாள். செத்துப்போன மூத்தாளுக்காக வீடு இன்னும் எத்தனை நாள் இருண்டு கிடக்கும் என்று எரிச்சலாகவும் இருந்தது.

பொழுது சாயச் சாய, வெள்ளை வளையங்கள் கூடிக்கொண்டே போயின. அவள் பிய்த்துப் போட்டாள். திரும்பிப் பார்த்தால் மறுபடி இருந்தன. மெர்சியின் உதட்டோரம் ஒரு கள்ளச் சிரிப்பு. இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டு தன்னை ஆழம் பார்க்கின்றன என்றே பட்டது.

"பொய் சொல்லாத. நீதான?"

"எங்கம்மாதான் இப்படி ஒட்டுவாக," என்றாள் மெர்சி.

சின்னவன் கையை வெட்டிக்கொள்வான் என்று கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, பசையைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனாள். அப்போதுதான் கரண்டு போனது. தெருவே இருண்டது. ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள்.

ஸ்டார் மட்டும் எரிந்தது.

எங்கிருந்தோ ஏலக்காய் வாசம். அவர் வந்துவிட்டாரா? செருப்புச் சத்தமே இல்லையே.

நறுக். நறுக்.

கூடத்தில் யாரோ காகிதம் வெட்டும் சத்தம். இடுப்பைத் தொட்டாள். கத்தரிக்கோல் இருந்தது.

நறுக்.

"அம்மா!" சகாயத்தின் குரல்.

பயத்தையும் மீறி நெஞ்சு குளிர்ந்தது. ஓடினாள்.

ஸ்டாரின் சிவந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தன. இரண்டின் மணிக்கட்டிலும் ஒரு வெள்ளை வளையம். அவற்றிலிருந்து கிளம்பிய தோரணம் தரையில் நீண்டு, உள்ளறையின் இருட்டுக்குள் போயிருந்தது.

"பச்சை வேணுமாம்மா?" சகாயம் ஒரு துண்டை இருட்டுக்குள் நீட்டினான்.

யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"மெர்சி... இங்கன வா..."

மெர்சி திரும்பிச் சிரித்தாள். "நீங்க இருங்க சித்தி. ஸ்டாரப் பாத்துத்தான் அம்மா வந்தாகளாம்."

தோரணம் விறைத்தது. வெறும் காகிதம். ஈரம் காயாத பசை. அறுந்துவிடும் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அறுபடவில்லை. பிள்ளைகள் எழுந்து, அது இழுத்த பக்கம் நடந்தன.