எட்டாவது கல்

ரேஞ்சர் அலுவலகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஞாயிறு காலை எட்டரை மணி. முந்தின நாளே, நாங்கள் வேலை பார்க்கும் சன்னிவேலில் இருந்து கிளம்பி, அடிவாரத்தில் ஒரு மோட்டலில் தங்கியிருந்தோம்.

"இனியா, மலையேற பெர்மிட் நீ வாங்கிடுடா. எனக்கு ரெஸ்ட்ரூம் அர்ஜென்ட்" என்று மகிழன் ஓடினான். என் அறைத்தோழன். சிங்க்கில் பாத்திரம் கழுவாமல் போடுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவன்.

மலையாடுகளுக்காக ஒதுக்கிய காப்பகம் அது. பதினோராயிரம் அடிக்கு மேல் மரம் கிடையாது, வெறும் பாறை. பாறையில் தடம் பதியாது. அதனால் வழி தெரிய அங்கங்கே கல்மேல் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். கெய்ர்ன் என்று பெயர். ஒன்றைப் பிடித்து அடுத்ததற்கு நடக்க வேண்டும்.

போன வருடம் ஆகஸ்டில் முதல்முறை வந்தபோது எனக்கு இது தெரியாது. கல் அடுக்கைப் பார்த்ததும் ஊர்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் சொந்த வீடு வேண்டிக்கொண்டு வழியில் இப்படித்தான் அடுக்குவார்கள். நானும் வழியை விட்டு விலகிப் போய், ஏரி நன்றாகத் தெரிந்த ஒரு தட்டைப் பாறையில் ஏழு கற்களை அடுக்கினேன். அம்மா அப்பாவுக்கு ஒரு வீடு. அவ்வளவுதான் கேட்டேன்.

கிடைத்துவிட்டது. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே, வற்றிய பழைய கிணற்றுக்கு முன்னால் வீடு எழும்பிவிட்டது. அடுத்த ஞாயிறு கிரகப்பிரவேசம். அதற்கு முன் அந்தக் கற்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

ரேஞ்சர் ஒரு பெண். பெர்மிட்டை நீட்டிவிட்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். நீல ஜாக்கெட், வெள்ளைத் தாடி, அறுபது வயதிருக்கும்.

போன செப்டம்பரில் பனிமூட்டத்தில் காணாமல் போனவராம். கூட வந்தவர்களுக்கு அவர் குரல் மட்டும் கேட்டிருக்கிறது. இங்கே ஒரு கெய்ர்ன் இருக்கிறது, வழி இதுதான் என்று கத்தியிருக்கிறார். யாரோ விளையாட்டாக அடுக்கியது. அது எங்கே என்று தெரிவதற்குள் பனி பெய்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆகவே தயவுசெய்து கல் அடுக்காதீர்கள் என்றார்.

"அவர் மனைவி" என்று ஜன்னலைக் காட்டினார். வெளியே பெஞ்சில் ஒரு பாட்டி ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வருவாராம். இன்னும் தேடாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பாராம்.

மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. ஏரி. அதற்கு வலது பக்கம் என் ஏழு கற்கள். நான் விரல் வைத்தால் போதும்.

என் விசா எக்ஸ்டென்ஷன் இன்னும் வரவில்லை. போலீஸ், கேஸ் என்று ஏதாவது ஆகிவிட்டால்?

"தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரேஞ்சர் தன் போன் எண்ணோடு கார்டு ஒன்று கொடுத்திருந்தார். பையில் போட்டேன்.

பாதி மலை ஏறிய பிறகுதான் மகிழனிடம் சொன்னேன்.

"லூசாடா நீ? இவ்ளோ பெரிய மலைல அது உன் கல்லுதான்னு எப்படி?"

"அந்தப் பக்கம் வேற யாரும் போக மாட்டாங்க."

"சரி, கலைச்சிட்டு இறங்கிடலாம். வாய மூடிட்டு இரு. எனக்கும்தான் விசா இருக்கு."

கற்கள் அப்படியே இருந்தன. ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்தும் சாயவில்லை.

எண்ணினேன். எட்டு.

உச்சியில் சின்னதாக ஒரு வெள்ளைக் கல். நான் வைக்காதது. வழிகாட்டும் அடுக்கைக் கடக்கிறவர்கள் நன்றியாக ஒரு கல் வைத்துவிட்டுப் போவதுண்டு.

அதை வைத்தது யாராக இருக்கும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. காலால் தள்ளினேன். கற்கள் உருண்டன. எட்டும் பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே எங்கோ விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்சம் நேரமானது.

திரும்பினோம். பத்தடி நடப்பதற்குள் பனிமூட்டம் ஏறிவிட்டது. நனைந்த கம்பளி வாடை வந்தது.

டக்.

கல்மேல் கல் வைக்கும் சத்தம்.

டக். டக்.

"ஆடா இருக்கும்" என்றான் மகிழன், மெதுவாக.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டோடு நின்றது.

"அதோ கெய்ர்ன்! வாடா, அதான் வழி" என்று அவன் முன்னால் போனான். வெள்ளை மூட்டத்துக்குள் ஓர் அடுக்கு தெரிந்தது. உச்சியில் சின்னதாக ஒரு வெள்ளைக் கல்.

அவன் பையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம். அவன் ஷூவுக்கு முன்னால் பாறை இல்லை.

கீழேயிருந்து, மிகவும் பணிவாக, ஒரு குரல் கேட்டது.

"இஸ் திஸ் த வே டவுன்?"

மூட்டம் விலகும்வரை படுத்தே கிடந்தோம். விலகியபோது மகிழன் எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீலம்" என்றான்.

நாங்கள் இறங்கி வந்தபோதும் அந்தப் பாட்டி பெஞ்சில்தான் இருந்தார். மேலே ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நோ மேம்" என்றேன்.

அதற்கும் நன்றி சொன்னார்.

வியாழன் மாலை ஆறரைக்கு அம்மா கூப்பிட்டார். ஊரில் அப்போது வெள்ளி காலை.

"கண்ணு, மூணு நாளா ஆரோ நம்ம வாசல்ல கல்ல அடுக்கி வெச்சுட்டுப் போறாங்க. எடுத்து வீசுனாலும் காத்தால அப்படியே இருக்குது. என்ன வேண்டுதலோ என்னமோ."

"எத்தன கல்லும்மா?"

"எட்டு. மேல ஒரு வெள்ளக்கல்லு, அழகாத்தான் இருக்குது. இன்னைக்கு கெணத்துப் பக்கமும் ஒன்னு அடுக்கியிருக்குதுன்னு உங்கப்பா பாக்கப் போயிருக்கறாரு. காலமில்லாத காலத்துல ஒரே பனி இன்னைக்கு, ஒன்னும் தெரியல."

அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது.

"கூப்பிடும்மா அவர! கத்திக் கூப்பிடு!"

அம்மாவை ஸ்பீக்கரில் விட்டுவிட்டு மகிழனின் போனில் அந்தக் கார்டு எண்ணை அழுத்தினேன். அவன் தடுக்கவில்லை. ரேஞ்சர் எடுத்தார். ஏரிக்கு வலது பக்கம், தட்டைப் பாறைக்கு நேர்கீழே என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். கல் அடுக்கியது நான்தான் என்றேன். பெயரும் விலாசமும் சொன்னேன்.

மற்ற போனில் அப்பாவின் குரல் கேட்டது.

"என்னத்துக்கு இந்தக் கத்து கத்தற? இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா உள்ள போயிருப்பேன். பொறத்தால ஆரோ இங்கிலீசுல வழி கேட்டாப்பல இருந்துச்சு, நின்னுட்டேன். திரும்பிப் பாத்தா ஆரையும் காணம்."

மறுநாள் மலையில் அந்த நீல ஜாக்கெட்காரரை எடுத்துவிட்டார்கள். மனைவி வந்து அழைத்துப் போனார் என்று ரேஞ்சர் சொன்னார். எனக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஞாயிறு கிரகப்பிரவேசப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அம்மா பட்டுப்புடவையில், அப்பா மாலையோடு, நிலைப்படிக்கு முன்னால். பால் பொங்கிய பாத்திரத்துக்குப் பின்னால் ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கல் அடுக்கு, உச்சியில் வெள்ளைக் கல் இரண்டு.

எண்ணினேன்.

ஒன்பது.