தண்ணீர் குடிக்கும் குழாய்

தார்க்வா ஊரிலிருந்து வந்த வேன் இறக்கிவிட்ட இடத்தில் நின்று பார்த்தபோது, குடும்பத்து வீடு எதுவென்றே அம்போமாவுக்குத் தெரியவில்லை. குமாசி நகரத்தின் அந்தப் பழைய தெருவில் பாசி பிடித்து, காரை உதிர்ந்து, பார்க்கவே பரிதாபமாகக் கிடந்த மாடிவீடு இப்போது கல்யாணப் பெண் மாதிரி நின்றது. சுவருக்கு வெண்ணெய் நிறம், சன்னலுக்குப் பச்சை, படிகளுக்குப் புது டைல்ஸ். வாசலில் செர்வா பெரியம்மாவின் படம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

பெரியம்மா செத்து நாலு மாதமாகிறது. அவளை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடத்திவிட்டு, துக்கத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று இத்தனை நாளும் வீட்டைச் சிங்காரித்திருக்கிறார்கள். அந்த ஊரில் யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. உயிரோடு இருக்கும்போது ஒழுகும் கூரையைத் திரும்பிப் பார்க்காத குடும்பம்கூட, செத்தவருக்காக வீட்டுக்கு வர்ணம் அடித்துவிடும். நாளைக்குப் பிணம் வீட்டுக்கு வருகிறது, மறுநாள் அடக்கம்.

அம்மா போன பிறகு அம்போமாவை வளர்த்தவள் பெரியம்மாதான். கடைசி நாட்களில் போனில் அவள் பேசியதெல்லாம் ஒரே பேச்சு. வீட்டுக் குழாயெல்லாம் துருப்பிடித்துவிட்டது, தண்ணீர் ரத்தம் மாதிரி ருசிக்கிறது, உன் மாமாவிடம் சொல்லி மாற்றச் சொல், இல்லாவிட்டால் யாரையாவது காவு வாங்கிவிடும். அம்போமாவும் சொன்னாள். குடும்பத் தலைவரான சார்போங் மாமா, சுவருக்குள் கிடக்கிற குழாயை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

இப்போதும் வாசலில் நின்று மாமா டைல்ஸைத்தான் காட்டினார். அப்புறம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பெரியம்மாவுக்குக் கடைசித் தண்ணீரைத் தன் கையால்தான் வாயில் விட்டதாக, கேட்காமலே சொன்னார். அம்போமாவுக்கு மனசு ஆறியது. சாகிறவர் நாக்கில் சொந்த ரத்தம் தண்ணீர் விடாமல் அனுப்புவதைவிடக் கேவலம் அசாந்தி இனத்து வீடுகளில் வேறில்லை. அந்தக் கேவலம் பெரியம்மாவுக்கு வரவில்லை என்ற நிம்மதியோடு, முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தை அச்சியாவைத் தட்டிக்கொடுத்தபடி படியேறினாள்.

மற்ற அறைகளெல்லாம் உறவுக்காரர்களால் நிரம்பியிருந்தன. மாடியில் பெரியம்மாவின் அறைதான் காலி. சாவுக்குப் பிறகு யாரும் திறக்காத அறை. வர்ணம் அங்கே வந்து சேரவில்லை. கதவைத் திறந்ததும் கற்பூரத் தைலமும் மூத்திரமும் கலந்த பழைய வாடை முகத்தில் அடித்தது. அதை ஒட்டிய குளியலறையின் சுவர் முழுக்கப் பழுப்புக் கோடுகள். குழாயின் வாயில் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டு மாட்டியிருந்தது.

அவள் குழாயைத் திருகினாள்.

முதலில் இருமியது. அப்புறம் யாரோ காலையில் எழுந்து தொண்டையைச் செருமுவதுபோல் நெடுநேரம் செருமியது. பிறகுதான் பழுப்பாக, கட்டிகட்டியாக, கோழை மாதிரி ஒன்று வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம். அம்போமா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவிட்டாள். ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தது. பயணத்தில் குழந்தை வெந்து வியர்த்திருந்தது, வேறு வழியும் இல்லை. பெரிய பேசினை நிரப்பி, அச்சியாவை உட்காரவைத்தாள். ரப்பர்த் துண்டின் நுனி தண்ணீருக்குள் கிடந்தது.

சோப்பை எடுக்கத் திரும்பினாள்.

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கஞ்சியைக் கிண்ணத்தோடு உறிஞ்சும் சத்தம். பேசினில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பேசின் ஓட்டையில்லை, தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ரப்பர்த் துண்டு மட்டும் விழுங்கி விழுங்கி அசைந்தது. குழந்தையின் இடுப்பளவு இருந்த தண்ணீர் தொடைக்கு வந்து, கணுக்காலுக்கு வந்தது. தண்ணீர் தீர்ந்ததும் ரப்பர்த் துண்டு தடவித் தடவிப் போய் அச்சியாவின் குதிகாலைக் கவ்வியது.

குழந்தை வீறிட்டது. அம்போமா பிடித்து இழுத்தாள். விடவில்லை. இன்னும் வேகமாக இழுத்ததும் சப்பென்று விட்டது. ரப்பரின் நுனியில் எச்சில் மாதிரி ஒன்று நூலாகத் தொங்கியது. விரலில் பட்டபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. அதில் இரண்டு நரைமுடி ஒட்டியிருந்தது. அம்போமா அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

அச்சியாவின் குதிகாலில் சிவந்த வட்டம் விழுந்திருந்தது. பல் பட்ட தடம் இல்லை, வெறும் ஈறு பதிந்த தடம்.

விடிந்தபோது குழந்தை வதங்கிக் கிடந்தது. உதடு காய்ந்து தோல் உரிந்தது, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. பாலை ஆவலாகத்தான் குடித்தது. ஆனால் முந்தைய நாளிலிருந்து ஒரு துணியும் நனையவில்லை. குடித்ததெல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. கிளினிக்கில் நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, சாயங்காலத்துக்குள் குழந்தை மூத்திரம் போகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னாள். அம்போமா திரும்பி வந்து, அந்த அறைக்குள் கால் வைக்காமல் கீழேயே உட்கார்ந்து கரைசலை ஊட்டினாள். குழந்தை ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும், பின்னாலிருந்த வெண்ணெய் நிறச் சுவருக்குள் யாரோ விழுங்கினார்கள்.

அவள் மாமாவைக் கேட்கவில்லை. நேராகப் போய் இஸ்ஸாக்கா என்ற பிளம்பரைக் கூட்டிவந்தாள். வாய் ஓயாத மனுஷன். வர்ணத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான்.

"மூஞ்சிக்கு நல்லா பவுடர் போட்டிருக்கீங்க. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்."

மாடிக் குளியலறையில் குழாயை அறுத்தான். இரும்புக்குள் துரு மொத்துமொத்தாக வளர்ந்து, ஒரு பென்சில்தான் நுழையும், அவ்வளவு வழியே மிச்சம் இருந்தது. அந்த வழியையும் பழுப்புக் கூழ் அடைத்திருந்தது. அவன் கம்பியை விட்டு இழுத்தான். கூழோடு முடி வந்தது. இழுக்க இழுக்க முடி வந்துகொண்டே இருந்தது, நரைத்து, சிக்குப்பிடித்து, ஈரத்தோடு. இஸ்ஸாக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

இருந்தாலும் தொழில்காரன் இல்லையா, காரணம் சொன்னான். நகரத் தண்ணீரை நிறுத்தும்போது பழைய குழாய்கள் பின்னோக்கி இழுக்குமாம், வாயில் எது கிடந்தாலும் உறிஞ்சுமாம். அம்போமாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கீழே போய் அடைப்பானை மூடிவிட்டு வருகிறேன் என்று போனவன், வெளிறிப்போய் திரும்பி வந்தான்.

"அக்கா, டைல்ஸ் போட்டவன் கீழயே இந்தக் குழாய வெட்டி சிமென்ட் வச்சு அடைச்சிருக்கான். இது எதோடயும் சேரல. மாசக்கணக்கா இதுல தண்ணியே கிடையாது."

சுவரில் நீட்டிக்கொண்டிருந்த அறுத்த குழாய் மூச்சு விட்டது.

இஸ்ஸாக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். கூலி கேட்கக்கூட நிற்கவில்லை. அவன் போன வழியில் சார்போங் மாமா கத்திக்கொண்டே ஏறி வந்தார். நாளைக்கு ஊரே வரப்போகிறது, எவனைக் கேட்டுக் குழாயை அறுத்தாய், சுவரில் ஒரு கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தாண்டிக் குதித்தார். அம்போமா குழந்தையின் குதிகாலை அவர் முன்னால் நீட்டினாள். மாமா அந்தத் தடத்தைப் பார்த்தார். அப்புறம் தரையில் கிடந்த ரப்பர்த் துண்டைப் பார்த்தார். தாண்டிக் குதித்தவர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"மாமா, பெரியம்மா வாயில நீங்க தண்ணி விட்டீங்களா?"

"விட்டேன்னு சொன்னேன்ல."

சுவருக்குள் களக்கென்று ஒரு சத்தம். மாமா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுக்காமல், விரலிடுக்கு வழியாகவே சொன்னார். அன்று மதியம் வீட்டில் அவர் மட்டும்தான். பெரியம்மா தண்ணீர் கேட்டாள். குழாயைத் திறந்தால் சேறு வந்தது. பாக்கெட் தண்ணீர் வாங்கிவரக் கடைக்குப் போனார். கடையடியில் நாலு பேர் தாயம் மாதிரி காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தார். ஒரு ஆட்டம் பல ஆட்டமாகிவிட்டது.

"திரும்பி வந்தப்ப அக்கா கட்டில்ல இல்ல புள்ள. இங்கதான் கிடந்தா. தவழ்ந்தே வந்திருக்கா. இந்த ரப்பர வாயில வச்சுக் கவ்விக்கிட்டு கிடந்தா. நான்தான் பிரிச்செடுத்தேன். வாயெல்லாம் துரு."

அம்போமாவுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. மாமா மேல், அவருடைய வெண்ணெய் நிறச் சுவர் மேல், அந்த ரப்பரைக்கூடக் கழற்றாமல் கதவைச் சாத்திவிட்டுப் போன அலட்சியத்தின் மேல். அந்த வாயில்தான் தன் குழந்தையின் கால் இருந்தது என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

மதியம் தாண்டி பெரியம்மா வந்தாள். துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய பெண்கள் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினார்கள். குளிர்பெட்டியில் கிடந்த உடம்பு பன்றித் தோல் மாதிரி விறைத்து, ஓரங்களில் கசியத் தொடங்கியிருந்தது. எத்தனை வாசனைத் தைலம் ஊற்றியும் அடியிலிருந்து அந்த முட்டை நாற்றம் மேலே வந்தது. உதட்டிலும் பல்லில்லாத ஈறிலும் ஒட்டியிருந்த பழுப்பு எத்தனை தேய்த்தும் போகவில்லை. அச்சியாவை முதுகில் கட்டிக்கொண்டு அம்போமா தலைமாட்டில் நின்றாள். குழந்தை அழுவதைக்கூட நிறுத்திவிட்டது. அந்த மௌனம்தான் அவளைக் கொன்றது.

அவள் ஒரு பாக்கெட் தண்ணீரைப் பல்லால் கிழித்தாள். கடைசித் தண்ணீரைத்தான் உன் மாமா விட்டாச்சே என்றாள் ஒருத்தி. அம்போமா அருகே குனிந்தாள். பிணத்தின் வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கு கறுத்துச் சுருண்டிருந்தது.

"பெரியம்மா, இது நல்ல தண்ணி. குடி. என் புள்ளய விட்டுடு."

ஊற்றினாள். கடைவாயில் வழியும் என்று எல்லோரும் துணியோடு காத்திருந்தார்கள்.

வழியவில்லை.

இரண்டாவது பாக்கெட்டையும் ஊற்றினாள். மூன்றாவதையும் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கைக்கு எட்டிய பாக்கெட்டெல்லாம் காலியானதும், குளிப்பாட்ட வைத்திருந்த குடத்தைத் தூக்கினாள்.

தொண்டை ஏறி இறங்கியது.

பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி வாசலை நோக்கி ஓடினாள். அம்போமா ஓடவில்லை. கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குடம் தீரும்வரை ஊற்றினாள். தீர்ந்ததும் பிணத்தின் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

அப்போது அவள் முதுகில் வெதுவெதுவென்று நனைந்தது. உடம்பில் சுற்றியிருந்த துக்கத் துணி இடுப்புவரை ஈரமானது. அச்சியா கால் உதைத்து அழுதாள். இவ்வளவு நேரமும் வராத அழுகை அம்போமாவுக்கு இப்போது பொத்துக்கொண்டு வந்தது.

அடக்கம் தடபுடலாக நடந்தது. வந்தவர்களெல்லாம் டைல்ஸைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அது முடிந்த மறுவாரமே சார்போங் மாமா வர்ணம் காயாத சுவர்களையெல்லாம் உடைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தார். கீழிருந்து மேல்வரை பழைய இரும்பெல்லாம் போய், புத்தம்புது பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. அம்போமா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. மாமா அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

வேலை முடிந்த அன்று குடும்பமே முற்றத்தில் கூடியது. புதுக் குழாயின் முதல் தண்ணீரைக் குடும்பத் தலைவர்தான் பிடிக்க வேண்டும். மாமா கண்ணாடி டம்ளரை நீட்டித் திருகினார். பழுப்பாக வந்தது. புதுக் குழாயில் கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும் என்றார்கள். அவர் கொட்டிவிட்டு ஒதுங்க, அம்போமா பிடித்தாள். பளிங்கு மாதிரி தெளிந்த தண்ணீர். அத்தனை பேரும் வரிசையாகப் பிடித்துக் குடித்தார்கள், நல்ல ருசி என்றார்கள். மறுபடி மாமா பிடித்தார்.

பழுப்புத் தண்ணீர், முட்டை நாற்றம். டம்ளரின் அடியில் ஒரு நரைமுடி வட்டமாகச் சுருண்டு நின்றது.

"குழாய்க்கு மாமாவ மட்டும் ஆகல போலிருக்கு" என்று யாரோ கிண்டலடித்தார்கள். ஒரு சிரிப்பு எழுந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து அது அடங்கியது. ஏன் ஆகவில்லை என்ற கேள்வி அடுத்து யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். மாமா அம்போமாவைப் பார்த்தார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நின்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கோழை தொண்டையில் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. முடி உதட்டில் ஒட்டியது, அதையும் விழுங்கினார். காலி டம்ளரைக் கீழே வைக்கப் போனார்.

யாரும் தொடாமல் குழாய் திருகிக்கொண்டது. பழுப்புத் தண்ணீர் தரையில் விழுந்தது.

மாமா டம்ளரை மறுபடி நீட்டினார்.